சாய்ந்த கண்ணாடி

ஜனவரி 4

இன்றும் ஒத்திகையில் விளக்குக்கு முன்னால் கட்டியிருந்த கலர் பேப்பர் புகைந்து சுருண்டது. இன்று சிவப்பு, போன வாரம் மஞ்சள். பிள்ளைகள் "தீ, தீ" என்று கத்திக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தீயே பிடித்தாலும் வரிசையாகத்தான் இறங்க வேண்டும் என்றுதான் இங்கே படித்த காலத்தில் எங்களுக்கு மதர் சொல்லித் தந்திருக்கிறார்.

எங்கள் கான்வென்டுக்கு நூறு வயது. பிப்ரவரி 11 அன்று விழா. முதல் காட்சி என் பொறுப்பு. நூறு வருஷத்துக்கு முன் மூன்று கன்னியாஸ்திரீகள் தூத்துக்குடிக் கரையில் தோணியிலிருந்து இறங்கிய விடியற்காலைதான் காட்சி. வசனமும் கிடையாது, பாட்டும் கிடையாது. பின்னால் பெரிய வெள்ளைத் துணி தொங்கும், அதில் விடிய வேண்டும்.

ஒத்திகை முடிந்ததும் தலைமையாசிரியை சிஸ்டர் பெனிதிக்தா வந்தார். "அம்மா, மதுரையிலேர்ந்து எல்.இ.டி. திரை வாடகைக்குத் தர்றாங்க. சூரியன், கடல், பறவை எல்லாம் அவங்களே போட்டுடுவாங்க."

"பறவையுமா?"

"பறவையும்தான் அம்மா."

இருபதாம் தேதி முழு ஒத்திகை. அதற்குள் என் விடியல் சரியாக வரவில்லை என்றால் திரை வந்துவிடுமாம். பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் மேடையை நான் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் எனக்குக் கெடு வைத்ததில்லை. விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீட்டு வேலைக்கு இருக்கிற முத்துக்கனி என் சேலையை மறுபடியும் பழுப்படிக்கத் துவைத்திருக்கிறாள். என் கணவர் போன பிறகு நான் வெள்ளைதான் கட்டுகிறேன். யாரும் கட்டச் சொல்லவில்லை, எனக்குப் பொருந்துகிறது. ஆனால் வெள்ளை என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். சொட்டு நீலம் இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றச் சொன்னேன். "இன்னுமா அம்மா?" என்றாள். இன்னும்தான்.

ஜனவரி 6

எரிகிற கலர் பேப்பருக்கு ஒரு வழி சொல்வார் என்று ஹில்டா ஒருவரை அழைத்து வந்தாள். ஹில்டா என் கணவரின் தங்கை. பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் கதவு வைக்க நான் சம்மதித்திருக்கக் கூடாது.

வந்தவர் பெயர் வேதமாணிக்கம். இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சி.எஸ்.ஐ. சபை, அதாவது புராட்டஸ்டன்ட்; நாங்கள் ஆர்.சி., கத்தோலிக்கர். மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆயிற்று என்று ஹில்டா காதில் சொன்னாள். சொல்லியிருக்கவே வேண்டாம், சட்டைப் பொத்தான்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். தாமதமாக வருவதைப் போல இதுவும் ஒழுங்கீனம்தான்.

உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் அளவில் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தார்.

"மேடம், இது என்ன நிறம்?"

"நீலம்."

"மஞ்சள்" என்றார்.

"நீலம். எனக்குக் கண் தெரியும்."

"எனக்கும் தெரியும். மஞ்சள்."

"ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் ஒரு கண்ணாடித் துண்டுலகூட ஒத்துப் போக மாட்டிய போல" என்றாள் ஹில்டா. "ரெண்டு பேரும் இடத்த மாத்தி உக்காருங்களேன்."

மாறி உட்கார்ந்தோம். மஞ்சளாகத்தான் இருந்தது. இப்போது ஜன்னல் எனக்கு எதிரே. கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தைப் பார்க்கிறேன், மஞ்சள். முன்பு ஜன்னல் என் முதுகுப் பக்கம் இருந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன், நீலம். இருவர் சொன்னதும் சரி. அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு விளக்கினார். பழுதான புரொஜெக்டர்களைப் பிரித்துச் சேர்த்து வைத்திருக்கிற கண்ணாடிகளாம். இதில் சாயம் எதுவும் கிடையாது. நிறமே இல்லாத பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒளியின் அலையைவிட மெல்லியதாகப் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சின் எல்லையிலும் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்புகிறது. அப்படித் திரும்புகிற நீல அலைகள், அணிவகுப்பில் போகிற பிள்ளைகள் மாதிரி, ஒன்றுக்கொன்று காலடி ஒத்துப் போகின்றன. அதனால் நீலம் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. மற்ற நிறங்களுக்குக் காலடி தப்பிப்போகிறது. அவை திரும்ப முடியாமல் கண்ணாடியைத் தாண்டிப் போய்விடுகின்றன, சேர்த்துப் பார்த்தால் மஞ்சள்.

"உங்க கலர் பேப்பர் சிவப்பை மட்டும் விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் விழுங்கிருது மேடம். விழுங்குனா சூடாகும், சூடானா எரியும். இது எதையும் விழுங்காது. வேண்டாததத் திருப்பி அனுப்பிரும்."

அணிவகுப்பு உதாரணம் நன்றாக இருந்தது. நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 8

வந்தார். பழைய ஸ்லைடு புரொஜெக்டர் ஒன்றையும் தூக்கி வந்தார். கூடத்து ஜன்னல்களைச் சாத்தி, புரொஜெக்டருக்கு முன்னால் அந்தக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். எதிர்ச் சுவரில் மஞ்சள் வட்டம் விழுந்தது, பக்கத்துச் சுவரில் நீல வட்டம். பிறகு என் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கி நீலத்தைத் திருப்பி மஞ்சளின் மேலேயே விழச் செய்தார்.

"பாருங்க. திரும்ப வெள்ளை. ரெண்டாப் பிரிச்சோம், ஒண்ணாச் சேத்தோம். ஒண்ணும் குறையல."

"இது வெள்ளை இல்லை. வெண்ணெய் நிறம். இன்னும் நீலம் வேண்டும்."

"வெள்ளதான் மேடம்."

காபி கொண்டுவந்த முத்துக்கனியைக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அம்மா" என்றாள். அவர் என்னை ஏதோ யோசனையோடு பார்த்தார். தோற்றவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜனவரி 12

காபித்தூள் தீர்ந்துவிட்டது. இந்த மாதம் ஏன் இப்படித் தீர்கிறது என்று தெரியவில்லை.

ஜனவரி 15

பொங்கல். பேராசிரியர் வீட்டில் தனியாகத்தானே இருப்பார் என்று ஹில்டா அவரைச் சாப்பிட அழைத்திருந்தாள். அழைத்தது ஹில்டா, நான் அல்ல. சமைத்தது மட்டும் நான், ஏனென்றால் ஹில்டாவுக்குப் பருப்பு வேகும்வரை நிற்கப் பொறுமை கிடையாது.

"உங்க வீட்டுப் பொங்கல்ல ஏலக்காய் தூக்கலா இருக்கு" என்றார்.

"வேண்டாம் என்றால் ஓரமாக வைத்துவிடலாம்."

"வேண்டாம்னு யாரு சொன்னா? எங்க சபையில இந்த ருசியெல்லாம் கண்ணுல காட்ட மாட்டாங்க."

மூன்று முறை போட்டுக்கொண்டார். பிறகு விடியலைப் பற்றிப் பேசினோம். வானத்துக்கு ஒரு புரொஜெக்டர், கடலுக்கு ஒரு புரொஜெக்டர். இரண்டிலும் நீலத்தைக் கூட்டச் சொன்னேன். வேண்டாம் என்றார். வேண்டும் என்றேன். மேடை என் பொறுப்பு, கண்ணாடி மட்டும்தான் அவர் பொறுப்பு.

ஜனவரி 20

முழு ஒத்திகை நடந்தது. இதை எழுத விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

திரை விலகியது. விளக்குகள் வந்தன. எனக்கு வானம் சரியாகத்தான் தெரிந்தது, அளவான வெளுப்பும் லேசான நீலமுமாக. கன்னியாஸ்திரீகளாக நடிக்கிற மூன்று பிள்ளைகளும் தோணியிலிருந்து இறங்கினார்கள். பின்வரிசையில் யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "அக்காமார எல்லாம் கடல்ல முக்கி எடுத்துட்டாங்க" என்று அழுதது. அதன் பிறகு மொத்த அரங்கமும் சிரித்தது.

சிஸ்டர் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். அதிலேயே புரிந்துவிட்டது. "அம்மா, ரொம்ப நீலமா இருக்கு. முகமெல்லாம் செத்தவங்க முகம் மாதிரி. மதுரைக்காரங்களுக்குச் சொல்லிடறேன். நீங்க வருத்தப்படாதீங்க."

நான் வருத்தப்படவில்லை. ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தேன். குடையை அங்கேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 21

பேராசிரியர் குடையோடு வந்தார். உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன். மரியாதையில் நான் குறை வைப்பதில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்வதைப் பொறுத்தது."

"உங்க கண்ணுக்குள்ளயே ஒரு மஞ்சக் கண்ணாடி இருக்கு. புரை விழுந்திருக்கு. அது நீலத்தக் குடிச்சிருது. அதான் உங்களுக்கு எல்லாம் பழுப்பாத் தெரியுது, இன்னும் நீலம் இன்னும் நீலம்னு கேக்கிய. சுவத்துல அந்த வெள்ளையப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிட்டு."

"அன்றே தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா இந்தக் காபி கெடைச்சிருக்குமா?"

"அதைக் குடித்துவிட்டு நீங்கள் கிளம்பலாம்" என்றேன்.

குடித்தார். கிளம்பினார். குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போனார். என் கண்ணில் ஒன்றும் இல்லை. இன்றும் ஊசியில் நூல் கோத்தேன். கொஞ்சம் நேரமானது, அவ்வளவுதான்.

ஜனவரி 22

ஹில்டா நடுக்கதவு வழியாக வந்தாள். கையில் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிய சேலை, மடிப்புக்கூடப் பிரிக்காதது. என் மடியில் வைத்தாள்.

"மைனி, இது என்ன நிறம்?"

"பழுப்பு வெள்ளை. ஏமாற்றியிருக்கிறான்."

"நீங்க கட்டியிருக்கது?"

"வெள்ளை."

ஹில்டா சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏ முத்துக்கனி, இங்க வா. பயப்படாமச் சொல்லு. அம்மா கட்டியிருக்கது என்ன நிறம்?"

முத்துக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நான் என்ன செய்ய? அம்மாதான் ஊத்து ஊத்துன்னாவ. ஊத்துனேன்."

"என்ன நிறம் என்று கேட்கிறேன்" என்றேன்.

"போலீஸ் ஸ்டேசன் போர்டு நீலம் அம்மா."

ஹில்டா சோபாவில் விழுந்து சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு, கல்யாண வீட்டுக்கு, துக்க வீட்டுக்கு, சங்கக் கூட்டத்துக்கு, இந்த இரண்டு வருஷமும் அந்த நிறத்தில்தான் போயிருக்கிறேன். ஊரே பார்த்திருக்கிறது. ஒருவருக்கும் சொல்லத் தைரியம் இல்லை. இந்த ஊரில் எல்லாரும் கோழைகள். ஒரே ஒருவர் நீங்கலாக.

ஜனவரி 24

ஹில்டாவுக்குக் கண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. துணைக்குப் போனேன்.

டாக்டர் என் கண்ணையும் பார்த்தார்.

ஜனவரி 27

வலது கண்ணில் அறுவை. கண்ணுக்கு மேல் பால் போல ஒரு வெளிச்சம். வலி இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஜெபமாலையைத் தப்பாகச் சொன்னார். திருத்தினேன்.

ஜனவரி 29

நேற்றுக் கட்டைப் பிரித்தார்கள். முதலில் பார்த்தது நர்ஸின் உடுப்பை. இப்படியொரு வெள்ளை இருக்கிறது என்று நான் மறந்தே போயிருந்தேன். சுவர், தலையணை, மேஜை மேல் இருந்த காகிதம், எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தது மாதிரி இருந்தன. இடது கண்ணால் பார்த்தால் அதே அறை டீ ஊற்றிக் காய வைத்ததுபோல இருக்கிறது. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"யாரப் பாத்து கண்ணடிக்கிய மைனி?" என்றாள் ஹில்டா. "டாக்டருக்குக் கல்யாணம் ஆயிட்டு."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த என் சேலைகள். காலை பத்து மணிக்குக் கடல் என்ன நிறமோ அந்த நிறம். ஹில்டா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருமல் வந்துவிட்டது. வெகுநேரம் நிற்கவில்லை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஹில்டா சத்தம் போட்டாள். அவளுக்கும் இருமல்.

நிலைக்கண்ணாடியில் என் முகத்தையும் பார்த்தேன். அந்தப் பழைய கண்ணுக்கும் சில நல்ல குணங்கள் இருந்திருக்கின்றன.

பிப்ரவரி 1

விழாவுக்கு அதிக நாள் இல்லை. மதுரையிலிருந்து திரை வந்து இறங்கிவிட்டதாம். சூரியன் கடலிலிருந்து துள்ளிக்கொண்டு வருகிறதாம். முத்துக்கனியின் பேத்தி அங்கே படிக்கிறாள், அவள் சொன்னது. பறவை இரண்டு வட்டம் அடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வருகிறதாம்.

அந்த மூன்று பேர் இறங்கிய காலையில் எந்தச் சூரியனும் துள்ளியிருக்காது.

இன்றும் யாரும் வரவில்லை. காபித்தூள் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 3

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நாள் வெளியே அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது அலைச்சல் இல்லை, வேலை.

அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார நாற்காலி இல்லை. நாற்காலிகள் இருந்தன, அவற்றின் மேல் புரொஜெக்டர்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அவரை வலது கண்ணால் பார்த்தேன். இடது கண்ணால் பார்த்தேன். மறுபடியும் வலது கண்ணால்.

"எந்தக் கண்ணுல நான் நல்லா இருக்கேன்?" என்றார்.

"பழைய கண்ணில் சட்டை சந்தன நிறம். புதுக் கண்ணில் அது டீக்கறை."

"அப்போ இன்னொரு கண்ண அப்படியே வச்சிக்கிடுங்க மேடம்."

"நான் சிரிக்க வரவில்லை. நீங்கள் சொன்னது சரி. என் கண் தப்பு செய்துவிட்டது. எனக்கு ஒரு விடியல் வேண்டும், நீலம் இல்லாமல். சிவப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்."

அவர் உடனே எழுந்து பெட்டியைக் கிளறினார். இந்த மாதிரி ஆட்களிடம் மன்னிப்புக் கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது, பாதி கேட்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அடர்ந்த சிவப்பை மட்டும் விடுகிற கண்ணாடி ஒன்று கிடைத்தது. ஜன்னலைச் சாத்தி, சுவரில் வேட்டி ஒன்றைக் கட்டி, கண்ணாடியை ஒரு துணிக் கிளிப்பில் மாட்டிப் புரொஜெக்டருக்கு முன்னால் நிறுத்தினார். வேட்டி முழுதும் இரத்தச் சிவப்பு.

"அடுத்தது ஆரஞ்சு வேண்டும்" என்றேன்.

"ஆரஞ்சுக் கண்ணாடி இல்ல. மெட்ராசுக்கு எழுதிக் கேக்கணும். விழாவுக்குள்ள வராது."

அப்போதுதான் கவனித்தேன், கண்ணாடி கோணலாக நிற்கிறது. கோணலாக இருப்பது எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "முதலில் அதை நேராக வையுங்கள்" என்றேன். அவர் கிளிப்பைத் தொட்டார். கிளிப்பின் கம்பிச் சுருள் தளர்ந்து போயிருந்தது. கண்ணாடி நேராவதற்குப் பதிலாக மெதுவாக இன்னும் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது.

வேட்டியில் சிவப்பு இளகியது. ஓரத்திலிருந்து ஆரஞ்சு வந்தது. யாரும் எதையும் போடவில்லை, எதையும் மாற்றவில்லை. ஆரஞ்சு பரவி, பொன்னாகி, கண்ணாடி நன்றாகச் சாய்ந்தபோது காலை வெயிலின் மஞ்சளாக நின்றது.

"தொடாதீர்கள்" என்றேன்.

"தொடல" என்றார்.

குனிந்து கிளிப்பைப் பார்த்தார். பிறகு அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் மேடம், இது எனக்குத் தெரியும்! ஒளி சரிவா நுழைஞ்சா அந்தப் பூச்சுக்குள்ள காலடிக் கணக்கு மாறிரும். சிவப்புக்கு மட்டும் தொறந்திருந்த கதவு ஆரஞ்சுக்கும் தொறக்கும், இன்னும் சாச்சா மஞ்சளுக்கும். இந்தக் கண்ணாடியோட குறைன்னு வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். கோணம் மாறாமப் பாத்துக்கிடணும்னு பிள்ளையளுக்கு நோட்ஸே குடுத்திருக்கேன்."

"நானும் நேராக வைக்கத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் சிரித்தார். இந்த முறை நானும். வாழ்நாள் முழுதும் நேராக வைக்கச் சொன்ன இரண்டு பேருக்கும் விடிந்தது ஒரு தளர்ந்த கிளிப்பால்.

அவர் போட்ட காபி குடிக்கிற மாதிரி இல்லை. குடித்தேன்.

பிப்ரவரி 5

சிஸ்டரிடம் போனேன். என் கண் தப்பு செய்துவிட்டது என்று சொன்னேன். நான் செய்தேன் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன்.

"அம்மா, திரைக்குச் சொல்லியாச்சு. எல்லாரும் பாத்துட்டாங்க. பிள்ளைகளுக்கு அந்தப் பறவை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அந்த மூன்று பேரும் பயத்தோடு இறங்கினார்கள் சிஸ்டர். பாஷை தெரியாத ஊர், இருட்டுக் கரை. மெதுவாக வெளிச்சம் வந்தபோதுதான் கரையில் ஆட்கள் நிற்பதே தெரிந்தது. அந்த மெதுவை உங்கள் திரையில் காட்ட முடியுமா?"

அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். பின் அரங்கத்துக்கு வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் புரொஜெக்டரைப் போட்டார், நான் கண்ணாடியைத் திருப்பினேன். முடிந்ததும் சிஸ்டர் எழுந்திருக்காமல், "இதை யார் திருப்புவாங்க?" என்று கேட்டார்.

"நான்."

"கண்ணு ஆபரேஷன் பண்ணி இன்னும்..."

"அதனால்தான் நான்."

ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. திரைக்காரர் பக்கத்திலேயே தயாராக நிற்பார். சரியாக வராவிட்டால் சிஸ்டர் கையைத் தூக்குவார், அவர் தன் சூரியனைப் போட்டுவிடுவார். சம்மதம் என்றேன்.

பிப்ரவரி 8

கிளிப்புக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் வைக்கலாம், ஒரே சீராகத் திருப்பும் என்றார் வேதமாணிக்கம் சார். வேண்டாம் என்றேன். சூரியன் மோட்டாரிலா வருகிறது? வாக்குவாதம் முற்றி, ஹில்டா நடுக்கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். கடைசியில், கண்ணாடியைக் கையால்தான் திருப்புவது என்று முடிவு.

அவர் சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்துக் கொடுத்தேன். மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பிப்ரவரி 11

விழா. இருட்டிய பிறகு பள்ளி மைதானத்தில் நடந்தது. பிஷப் வந்திருந்தார், கலெக்டர் வந்திருந்தார், ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அலமாரியில் புது வெள்ளைச் சேலை இருந்தும் நான் நீலத்தைத்தான் கட்டிக்கொண்டு போனேன். இந்த முறை தெரிந்தே. பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

விளக்குகளை அணைத்தார்கள். வேதமாணிக்கம் சார் புரொஜெக்டரைப் போட்டார். கண்ணாடி என் விரல்களுக்கு நடுவில். துணியில் அடிவானத்தின் அளவுக்கு மட்டும் ஒரு கருஞ்சிவப்பு, அணையப் போகிற அடுப்பு மாதிரி. மேடையில் தோணியும் மூன்று நிழல்களும்.

அவ்வளவுதான் தெரிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "கரண்டு போயிட்டா?" என்றது ஒரு குரல். இன்னொன்று, "பல்பு ஃபியூஸ் போல." யாரோ விசிலடித்தான். இருட்டில் வலப்பக்கம் திரைக்காரரின் கை பொத்தான் பக்கம் போவதைப் பார்த்தேன். சிஸ்டர் அவருக்கு முன்னால் நின்றார், கை இடுப்புக்கு மேல் வந்துவிட்டது, முகம் என்னைப் பார்த்திருந்தது.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம்" என்றார் வேதமாணிக்கம் சார் தணிந்த குரலில். அவருக்கும் பயம்.

இடது கண்ணை மூடிக்கொண்டேன். வலது கண்ணுக்கு அந்தச் சிவப்பு சரியாக இருந்தது. கடலில் முதலில் இப்படித்தான் இருக்கும், எதுவும் நடக்காதது மாதிரி. இந்தக் கண்ணை நம்புவதா, மைதானத்தில் இருக்கிற அத்தனை பேர் கண்ணையும் நம்புவதா? முன்பு ஒருமுறை இதே கேள்விக்கு என் கண் என்று பதில் சொன்னேன், ஊர் சிரித்தது. இப்போதும் அதே பதிலைத்தான் சொன்னேன். அவசரப்படவில்லை. ஒரு மயிரிழை, பின் இன்னும் ஒரு மயிரிழை.

சிவப்பு இளகியது. நடு நிழலுக்கு ஒரு முக்காட்டின் விளிம்பு கிடைத்தது, பிறகு ஒரு கன்னம். மைதானம் அடங்கியது. ஆரஞ்சு தோணியின் மேல் ஏறியது. மூன்று பிள்ளைகளும் இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நடப்பது மாதிரி நடந்தார்கள். வெளிச்சம் பொன்னானபோதுதான் இந்தப் பக்கம் கரையில் கூடைகளோடு பெண்கள் நிற்பது தெரிந்தது. அவர்கள் முதலிலிருந்தே அங்கேதான் நின்றார்கள். யாருக்கும் தெரியாது. கூட்டத்திலிருந்து "ஹா" என்று ஒரு மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து மைதானத்து ஓரத்தில் வாகை மரத்தில் அடைந்திருந்த காக்கைகள் விழித்துக்கொண்டன. முதலில் ஒன்று கரைந்தது, பிறகு மரமே கரைந்தது. நிஜமாகவே விடிந்துவிட்டதென்று கூட்டமாகக் கிளம்பி மேடைக்கு மேலாகக் கடல் பக்கம் பறந்தன. பிஷப் அண்ணாந்து பார்த்தார். கலெக்டர் அண்ணாந்து பார்த்தார். சிஸ்டரின் கை இறங்கி வாயைப் பொத்தியது. திரைக்காரர் பொத்தானை விட்டுவிட்டுக் கை தட்டினார். அவர்தான் முதலில் தட்டினார், அதை எழுதிவைக்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு சிஸ்டர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கன்னம் நனைந்திருந்தது. புதுக் கண்ணுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிகிறது.

"பறவைக்கு நம்ம ஏற்பாடு பண்ணலையே மேடம்" என்றார் வேதமாணிக்கம் சார்.

"எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதில்லை" என்றேன்.

பிப்ரவரி 12

இடது கண்ணுக்கு மார்ச்சில் தேதி கேட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். ஹில்டா துணைக்கு வருவதாகச் சொன்னாள். தேவைப்படாது என்றேன். ஏன் என்று கேட்டாள். நடுக்கதவைச் சாத்தினேன்.

காலையில் கடற்கரைக்குப் போயிருந்தேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. நிஜச் சூரியன் சுமாராகத்தான் செய்தது. சிவப்பு போதவில்லை, ஆரஞ்சு வந்த வேகத்தில் போய்விட்டது. எங்களுடையதில் அது இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. வேதமாணிக்கமும் அதையேதான் சொன்னார், பிளாஸ்க்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக்கொண்டே.